கடல் வைத்துப்போன நெருப்பு

உலகின் மிக உயரமான மலைத்தொடரில் ஓர் எரிமலைகூட இல்லை. நங்க பர்பத் முதல் நம்சா பர்வா வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீளத்துக்கு வில்லாக வளைந்து கிடக்கிறது இமயமலை. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் அங்கே இருக்கின்றன; புகையும் வாய் ஒன்று இல்லை. எவரெஸ்டின் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். 45 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆழமற்ற கடலடியில் படிந்தது. பூமியின் மறுபக்கத்தில், தென்னமெரிக்காவின் மேற்கு ஓரம் நெடுக, ஆண்டீஸ் நிற்கிறது. அங்கே மலையின் தலையே பல இடங்களில் எரிமலைதான். சிலி, அர்ஜென்டினா எல்லையில் இருக்கும் ஓஹோஸ் டெல் சலாடோவின் உயரம் 6,893 மீட்டர்; உலகின் மிக உயரமான எரிமலை அது. இரண்டு தொடர்களும் புவித்தட்டுகள் நெருக்கியதால் எழுந்தவை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். நெருக்கம் ஒன்றென்றால், ஒன்றில் நெருப்பும் இன்னொன்றில் வெறும் பனியுமாக ஏன் ஆயிற்று?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைக்கு நெருப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது கடல். கடற்தரை ஒன்று கண்டத்தின் அடியில் இறங்கிக்கொண்டிருக்கும் வரை அந்த மலையில் நெருப்புக்கு வழி உண்டு. கடல் முழுவதும் தீர்ந்து, கண்டமும் கண்டமும் நேருக்கு நேர் வந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அதன் பிறகும் மலை உயரும், தடிக்கும், ஆனால் எரியாது. இப்படிச் சொன்னால் எளிய கணக்கு போலத் தோன்றுகிறது. இதற்குள் இருக்கும் விந்தை பிடிபட, பாறை எப்படி உருகுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

நம் காலுக்கு அடியில், புவி மேலோட்டைத் தாண்டினால், உருகிய குழம்பு தளும்பிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியில்லை. மேலோட்டின் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் கவசம் திடமான பாறை. நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அதன் வெப்பம் 1,300 டிகிரி அளவுக்கு இருக்கலாம். தரை மட்டத்தில் அவ்வளவு சூடு இருந்தால் அது உருகத் தொடங்கியிருக்கும். அங்கே மேலிருந்து அழுத்தும் பாரம் உருகவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதை உருக்க வேண்டுமானால் இன்னும் சூடேற்ற வேண்டும், அல்லது பாரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது நீர் சேர்க்க வேண்டும். ஆண்டீஸின் அடியில் நடப்பது மூன்றாவது.

அங்கே கண்டத்தின் கீழே இறங்கும் நாஸ்கா தட்டு குளிர்ந்தது. பசிபிக்கின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து ஆறியது. குளிர்ந்த ஒன்றைச் சூடான பாறைக்குள் செருகினால் அந்த இடம் மேலும் ஆறத்தான் வேண்டும். ஆனால் அங்கேதான் உருகுகிறது. காரணம், தட்டு தன்னோடு நீரைச் சுமந்துபோகிறது. அந்த நீர் கனிமங்களின் படிகக் கட்டுக்குள் பிணைந்திருக்கிறது. நடுக்கடல் முகட்டில் தட்டு பிறந்தபோது வெந்நீர் ஊற்றுகள் வழியாக உள்ளே புகுந்தது; ஆழ்கடல் அகழியில் வளைந்து இறங்கும்போது விழுந்த பிளவுகள் வழியாக இன்னும் ஆழத்துக்குப் போனது. செர்பென்டினைட் என்ற வழவழப்பான பச்சைக் கல்லில், எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீர் இருக்கும். இறங்க இறங்க அழுத்தமும் வெப்பமும் ஏற, இத்தகைய கனிமங்கள் ஒவ்வொன்றாக முறிந்து நீரை விட்டுவிடுகின்றன. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் மேலே உள்ள கவசப் பாறைக்குள் ஏறியதும், பாறையின் உருகுநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடுகிறது. வெறும் வாணலியில் வெல்லத்தைப் போட்டால் கரிந்துபோகும். ஒரு கை நீர் தெளித்தால் தணலிலேயே பாகாகும். கவசப் பாறைக்கு நீர் செய்வது கிட்டத்தட்ட அதுதான். அடுப்பின் சூடு கூடவே இல்லை.

நம் பழைய கற்பனையில் கடலுக்குள் ஒரு தீ உண்டு. வடவைத் தீ. பெண்குதிரையின் முகத்தோடு கடலடியில் இருந்தபடி நீரைக் குடித்துக்கொண்டே, கடல் கரை மீறாமல் காத்து, ஊழிக்காலத்தில் வெளிப்படும் தீ. இதைப் புவியியலின் முன்னறிவிப்பு என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொல்வது புராணத்துக்கும் அறிவியலுக்கும் ஒருசேரச் செய்யும் அநீதி. நீரையும் நெருப்பையும் தீராப் பகையாக மட்டும் பார்க்காமல், ஒன்றின் மடியில் இன்னொன்றை வைத்துப் பார்க்க முடிந்த மனத்துக்கு, கடல்நீரால் பாறை உருகுகிறது என்ற செய்தி அந்நியமாக இருக்காது என்று மட்டும் சொல்வேன்.

ஐரோப்பாவில் இதே நீரையும் நெருப்பையும் வைத்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் கற்பித்த ஆபிரகாம் வெர்னரும் அவருடைய மாணவர்களும், ஆதிக் கடலில் முதன்முதலாகப் படிந்த கல் கிரானைட் என்றார்கள். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் மறுத்தார். 1785-இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கின் ஆற்றுப் படுகையில், பழைய பாறைகளைக் கிழித்துக்கொண்டு சிவந்த கிரானைட் நரம்புகள் ஓடுவதைக் கண்டார். ஏற்கெனவே இருந்த கல்லுக்குள் இன்னொரு கல் நரம்பாகப் புக வேண்டுமானால், அது குழம்பாகத்தான் வந்திருக்க முடியும். வழக்கு ஹட்டன் பக்கம் தீர்ந்தது, நெருப்பு வென்றது. 1958-இல் வெளிவந்த டட்டில், போவென் இருவரின் ஆய்வு, கிரானைட்டின் கலவையை நீரோடு சேர்த்து அழுத்தத்தில் சூடேற்றினால் 650 டிகிரி அளவிலேயே அது உருகத் தொடங்குவதைக் காட்டியது. நீர் இல்லாவிட்டால் 950 டிகிரிக்கு மேல் வேண்டும். 1983-இல் காம்பெல், டெய்லர் என்ற இருவர் ஒருபடி மேலே போய், நீரில்லாத கோளில் கிரானைட் பெருகாது, கடலில்லாத கோளில் கண்டங்கள் உருவாகாது என்று வாதிட்டார்கள். வெர்னர் தோற்றது சரிதான். அவர் சொன்ன வகையில் கடலில் கிரானைட் படியவில்லை. ஆனால் வழக்கிலிருந்து தள்ளப்பட்ட நீர் இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஹட்டனும் வெர்னரும் இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இமயத்தின் வடக்கு விளிம்பிலும் ஒரு காலத்தில் இந்த நெருப்பு எரிந்தது. அதன் மிச்சத்தைப் பார்க்க லடாக்குக்குப் போக வேண்டும். லே நகரம் சிந்து நதியின் வடகரையில், கிரானைட் மலைகளின் காலடியில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் கட்டிய அரண்மனை அந்தப் பாறை மேல்தான் நிற்கிறது. அரண்மனைக்குப் பின்னே குன்றில் ஏறும் பாதையில் ஒரு பாறையைக் குனிந்து பார்த்தேன். தூரத்தில் பழுப்பாகத் தெரிந்த கல், புதிதாக உடைந்த முகத்தில் சாம்பல் வெள்ளை. வெள்ளை ஃபெல்ட்ஸ்பாருக்கும் கண்ணாடி போன்ற குவார்ட்ஸுக்கும் இடையே அரை விரற்கடை நீளத்துக்குக் கறுப்பு ஊசிகள். அவை ஹார்ன்பிளெண்ட். நீரைத் தன் கட்டுக்குள் பிணைத்து வைத்திருக்கும் கனிமம்; நீர் செறிந்த குழம்பிலிருந்தே அது படிகமாகும். அங்கங்கே உள்ளங்கை அளவில் கரிய திட்டுகள், ஓரம் கலங்கி, முட்டை வடிவத்தில். இறுகிக்கொண்டிருந்த வெளிர் குழம்புக்குள் ஆழத்திலிருந்து இன்னும் சூடான கருங்குழம்பு துளித்துளியாகப் புகுந்து, கலக்க நேரம் கிடைக்காமல் உறைந்த தடம் அது. ஒரே பாறையில் கடலும் இருந்தது, கவசமும் இருந்தது.

இந்தக் கிரானைட் உடல் சுமார் 600 கிலோமீட்டர் நீளம் கிடக்கிறது. கிழக்கே திபெத்தின் தென்பகுதி வழியாக இதே இனத்துக் கிரானைட் தொடர்ந்து போகிறது. லடாக் பகுதியின் பெரும்பங்கு 7 கோடி முதல் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவானது. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே அப்போது ஒரு கடல் இருந்தது. ஆஸ்திரியப் புவியியலாளர் எடுவர்ட் சூஸ் 1893-இல் அதற்கு டெதிஸ் என்று பெயரிட்டார். தென்கோளத்தின் நிலத்திரளிலிருந்து பிரிந்த இந்தியத் தட்டு வடக்கு நோக்கி ஓடியது. அதன் உச்ச வேகம் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் அளவு. தட்டுகளுக்கு அது அசாதாரணமான வேகம். முன்னால் இருந்த டெதிஸ் கடற்தரை, ஆசியாவின் தென்விளிம்புக்கும் அதை ஒட்டிய தீவு வளைவுகளுக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்கிய தரை நீரை விட்டது, கவசம் உருகியது, குழம்பு மேலேறியது. இன்றைய ஆண்டீஸைப் போன்ற எரிமலை வரிசை ஒன்று அங்கே நின்றது. லேயில் நாம் மிதிப்பது அந்த எரிமலைகளின் அடிவயிற்றில் இறுகிய குழம்பு. மேலே இருந்த எரிமலைகளைக் காலம் பெரும்பாலும் அரித்துத் தின்றுவிட்டது. கர்துங் லா கணவாயைக் கடந்து வடக்கே இறங்கினால், கர்துங் கிராமத்தின் பக்கம், அன்று வெளியே கொட்டிய லாவாவும் சாம்பலும் இன்னும் பாறையாகக் கிடக்கின்றன.

அரிபட்டுச் சென்றவை எங்கே போயின என்பதற்கு ஒரு விடை கயிலாயத்தில் இருக்கிறது. 1936-இல் சுவிட்சர்லாந்தின் அவுகுஸ்ட் கான்ஸர், திபெத்துக்குள் அனுமதி இல்லாததால் யாத்திரிகர் உடையில் எல்லை தாண்டி, கயிலையை வலம்வந்தார். சுத்தியலும் குறிப்பேடும் உடைக்குள் இருந்தன. அந்த வட்டாரத்தில் அவர் கண்ட கரும்பச்சைக் கடற்தரைப் பாறைகள், அங்கே ஒரு கடல் நசுங்கி மறைந்ததன் சாட்சி என்று பின்னாளில் உறுதியாயிற்று. கயிலைச் சிகரமோ கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய படிவப் பாறை. பழைய எரிமலை வரிசையின் கிரானைட்டும் எரிமலைக் கற்களும் ஆறுகளில் உருண்டு தேய்ந்து, அதே கிரானைட்டின் மேலேயே அடுக்கடுக்காகக் குவிந்தன. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்தேறியதாகவும், அப்பர் உடல் தேய ஊர்ந்து போனதாகவும் பெரியபுராணம் சொல்லும் மலை அது. அதன் கிடைமட்டக் கோடுகள் பனியில் தெளிவாகத் தெரியும் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவை அணைந்துபோன எரிமலைகளின் இடிபாடு என்பது தெரிந்த பிறகு அந்தப் படத்தை முன்போலப் பார்க்க என்னால் முடியவில்லை. மதிப்பு குறையவில்லை, கூடியது.

நெருப்பு எப்படி அணைந்தது? ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் டெதிஸ் தீர்ந்தது. அகழிக்கு இந்தியக் கண்டத்தின் வடவிளிம்பே வந்து சேர்ந்தது. கண்டத்தின் மேலோடு இலேசானது. கவசத்துக்குள் எளிதில் அமிழாது. ஆனாலும் முன்னால் இறங்கிய கடற்தரையின் எடை அதையும் இழுத்தது. கிழக்கு லடாக்கின் த்ஸோ மொராரி ஏரிப் பகுதியில் கிடைக்கும் பாறைகளில் கோஸைட் என்ற கனிமத்தின் துகள்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். குவார்ட்ஸின் இன்னொரு உருவம் அது. 90 கிலோமீட்டருக்குக் குறையாத ஆழத்தின் அழுத்தம் இல்லாமல் உருவாகாது. அதாவது இந்தியக் கண்டத்தின் ஒரு துண்டு அவ்வளவு ஆழம் போய்விட்டு, இலேசாக இருந்ததால் மேலே மிதந்து வந்திருக்கிறது. இன்று அதன்மேல் ஏரிக்கரைப் புல் முளைக்கிறது. இந்தியத் தட்டின் வேகமும் இறங்கியது. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவுக்கு வந்து, இன்றும் கிட்டத்தட்ட அப்படியே நகர்கிறது. நீர் கொண்டுவரும் கடற்தரை நின்றுபோனதால் லடாக்கின் குழம்பும் நின்றது. எரிமலை வரிசை ஒன்று அணைவதற்கு வெப்பம் குறையத் தேவையில்லை. நீர் வரத்து நின்றால் போதும்.

இதோடு முடிந்திருந்தால் இமயத்தின் கதை ஆண்டீஸின் பின்பாதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டாவது கிரானைட் ஒன்று இருக்கிறது, என் பார்வையில் அதுதான் இன்னும் ஆழமான செய்தி. கங்கோத்ரியிலிருந்து கோமுகம் போகும் வழியில் பனியாறு தள்ளிவந்து போட்ட பாறைகள் வெள்ளை வெளேரென்று கிடக்கும். லடாக்கின் கல் போல இல்லை. ஹார்ன்பிளெண்ட் ஊசி ஒன்றுகூடக் கண்ணில் படாது. அதற்குப் பதிலாக மைக் கறுப்பில் நீளவாக்கில் வரி ஓடிய டூர்மலின் குச்சிகள். நகத்தால் உரித்தால் தகடுதகடாக வரும் வெள்ளி நிற மைக்கா. சில கற்களில் கடுகளவு சிவந்த கார்னெட். மேலே நிமிர்ந்தால் சிவலிங்கம் சிகரம், 6,543 மீட்டர், இதே கல். பாகீரதி சிகரங்களின் சுவர் இந்த வெள்ளைக் கல்லாக ஏறிப்போய், தலையில் கறுத்த படிவப் பாறையைத் தொப்பியாக வைத்திருக்கிறது. புகுந்த குழம்பும், அது புகுந்த கூரையும் ஒரே பார்வையில் தெரியும் இடம். ஹட்டனுக்கு கிளென் டில்ட் கொடுத்ததை இந்தச் சுவர் மலையளவில் காட்டுகிறது. மனாஸ்லு இந்தக் கல். மகாலு இந்தக் கல். எவரெஸ்டின் பக்கத்தில் நிற்கும் நுப்ட்ஸேயின் சுவருக்குள்ளும் இது தடித்துக் கிடக்கிறது.

இந்தக் கற்களின் வயது பெரும்பாலும் இரண்டரைக் கோடி முதல் ஒன்றரைக் கோடி ஆண்டு. கடல் தீர்ந்து ஏறக்குறைய இரண்டரைக் கோடி ஆண்டுகள் ஆனபின் பிறந்தவை. கடல் இல்லாமல் குழம்பு எங்கிருந்து வந்தது? ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் இரு வடிவங்களுக்கு இடையிலான விகிதம் இதற்குச் சாட்சி சொல்கிறது. ருபீடியம் சிதைந்து ஒரு வகை ஸ்ட்ரான்சியமாக மாறும். ருபீடியம் மிகுந்த பழைய கண்டப் பாறையில் நாள்பட நாள்பட அந்த விகிதம் ஏறும். லடாக் கிரானைட்டில் அது 0.704 அளவில், கவசத்தின் கையெழுத்தோடு இருக்கிறது. இமயத்தின் வெள்ளைக் கிரானைட்டுகளில் 0.74-ஐத் தாண்டிப் போகிறது. கவசத்தின் பங்கு ஏதும் இல்லை. இந்தியக் கண்டத்தின் பழைய களிமண் படிவுகள் மடிந்து, புதைந்து, உருகி இந்தக் கல்லாயின. மலை தன்னையே உருக்கிக்கொண்டது.

எப்படி உருகியது என்பதில் வாதங்கள் நிறைய. கண்டம் கண்டத்தின் கீழே நுழைந்ததால் மேலோடு சாதாரணத் தடிமனைப்போல இருமடங்காகி, திபெத்தின் அடியில் 70 கிலோமீட்டரைத் தொட்டது. அந்தப் பாறையில் உள்ள யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் சிதைந்து வெளிவிடும் வெப்பம் தப்பிப்போக வழியில்லாமல் உள்ளேயே தங்கியது. பாறையில் வெப்பம் மிக மெல்ல நகரும். அடி சூடேறக் கோடி ஆண்டுகள் பிடித்தன. இடைவெளியின் பெரும்பகுதிக்கு அந்தத் தாமதமே காரணம். பிரெஞ்சுப் புவியியலாளர் பாட்ரிக் லெ ஃபோர்ட் 1975-இல் மனாஸ்லுவை முன்வைத்து ஒரு விளக்கம் தந்தார்: சூடான பாறைத் தகடு ஒன்று, குளிர்ந்து ஈரமான பாறைகளின் மேல் ஏறித் தள்ளப்பட்டபோது, கீழிருந்து பிழியப்பட்ட நீர் மேலே போய் உருக்கியது. பின்னர் வந்தவர்கள், வெளியிலிருந்து நீர் வரத் தேவையில்லை, மைக்காவுக்குள் பிணைந்த நீரே போதும் என்றார்கள். 700 டிகிரியைத் தாண்டியதும் மைக்கா முறிந்து நீரைக் குழம்புக்குக் கொடுத்துவிடும். அதோடு இன்னொன்றும் நடந்தது. இமயத்தின் வட ஓரத்தில், மலை நெருங்கி எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், மேல் அடுக்குகள் வடக்கு நோக்கி வழுக்கி இறங்கின. அந்த வழுக்குப் பிளவுக்குக் கீழேதான் வெள்ளைக் கிரானைட்டுகள் வரிசையாக இருக்கின்றன. மேற்பாரம் விலக, கீழே இருந்த சூடான பாறை மேலெழுந்து, அழுத்தம் தளர்ந்ததால் உருகியிருக்கலாம். என் மனம் சாய்வது இந்த விளக்கத்தின் பக்கம், ஆனால் ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதையும் தரவுகள் காட்டுகின்றன. எப்படி இருந்தாலும், மைக்காவில் இருந்த அந்த நீரும் பழையதொரு கடலடிக் களிமண்ணில் சேர்ந்த நீர். கடல் போன பிறகும் கடல் போகவில்லை.

இந்தக் குழம்பு ஏன் எரிமலையாக வெளியே வரவில்லை? பசையும் நீரும் மிகுந்த இத்தகைய குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து நீரை இழந்து, இழந்ததும் இறுகிவிடும். தரையைத் தொடும் முன்பே கல்லாகிவிடுகிறது. அதனால்தான் இமயத்தின் நெருப்பை யாரும் பார்த்ததில்லை. அரிப்பு வந்து மேலே இருந்த கிலோமீட்டர்களை எடுத்துப்போட்ட பிறகு அதன் உறைந்த உடலை மட்டும் பார்க்கிறோம். 1990-களில் திபெத்தின் தென்பகுதியில் நில அதிர்வு அலைகளையும் மின்கடத்துதிறனையும் அளந்த பன்னாட்டு ஆய்வு, 15, 20 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை இன்றும் ஓரளவு உருகி இருப்பதற்கான அறிகுறிகளைக் கண்டது. அடுத்த வெள்ளைக் கிரானைட் அங்கே உருவாகிக்கொண்டிருக்கலாம். அடிச்சூடு வெளியே தெரியும் இடமும் உண்டு: லடாக்கின் புகா பள்ளத்தாக்கில், 4,400 மீட்டர் உயரத்தில், 84 டிகிரி அளவில் வெந்நீர் கொதித்து எழுகிறது. சுற்றிலும் வெண்காரமும் கந்தகமும் பூத்திருக்கின்றன.

கடல் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கும் ஆண்டீஸ்தான் சாட்சி. 1835 ஜனவரியில் சிலோயே தீவிலிருந்து ஒசோர்னோ எரிமலை கக்குவதை சார்லஸ் டார்வின் பார்த்தார். பிப்ரவரி 20 அன்று வால்டிவியாவில் தரையில் படுத்திருந்தபோது நிலநடுக்கத்தை உடலால் உணர்ந்தார். பிறகு கான்செப்சியோன் பக்கம் போனபோது கடற்கரை உயர்ந்து, சிப்பிகள் நீர்மட்டத்துக்கு மேலே நின்றதைக் கண்டார். எரிமலை, நிலநடுக்கம், மலை உயர்தல் மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்று 1838-இல் லண்டன் புவியியல் கழகத்தில் வாதிட்டார். தட்டுகள் பற்றிய அறிவு வர இன்னும் 130 ஆண்டுகள் இருந்தன. அவ்வளவு குறைந்த சான்றுகளை வைத்துக்கொண்டு அவர் எட்டிப்பிடித்த ஒருமை என்னை இன்னும் வியக்க வைக்கிறது. ஆனால் அந்த ஒருமைக்குள் இடைவெளிகள் உண்டு. பெருவின் பெரும்பகுதியிலும், நடு சிலியை ஒட்டிய ஒரு நீண்ட பகுதியிலும் உயிருள்ள எரிமலையே இல்லை. 1976-இல் பராஸாங்கி, ஐசக்ஸ் இருவரும் நிலநடுக்கங்கள் எழும் ஆழங்களைக் குறித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்த இரண்டு இடங்களிலும் தட்டு சரிந்து இறங்காமல், நூறு கிலோமீட்டர் ஆழம் போனதும் கிடைமட்டமாக நீண்டு கண்டத்தின் அடியை ஒட்டிப் போகிறது. நடுவே இருந்த சூடான கவச ஆப்பு நசுங்கி வெளியேறிவிடுகிறது. நீர் வருகிறது, அது போய் உருக்குவதற்குச் சூடான பாறை இல்லை. நடு சிலிக்கு நேரே, யுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளைத் தாங்கும் கடலடி முகடு தட்டோடு சேர்ந்து உள்ளே போகிறது. தடித்து மிதக்கும் தன்மையுள்ள அந்த முகடு தட்டைத் தூக்கிப் பிடிக்கிறது என்பது பலரின் கருத்து. அமெரிக்கக் கண்டங்களின் மிக உயரமான சிகரமான அகோன்காகுவா, 6,961 மீட்டர், இந்த அமைதிப் பகுதிக்குள் நிற்கிறது. அதன் உடலில் எரிமலைப் பாறை இருக்கிறது. நெருப்பு 80, 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அடங்கிவிட்டது. தட்டு தட்டையாகிக்கொண்டு வந்த காலத்தில், நீர் செறிந்த கடைசிக் குழம்புகள் மேலேறி விட்டுப்போனவற்றுள் எல் டெனியென்டே செம்புச் சுரங்கத்தின் தாதுவும் ஒன்று. உலகில் தோண்டி எடுக்கும் செம்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சிலியிலிருந்து வருகிறது. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பியில் ஆண்டீஸின் நெருப்பு கொஞ்சம் இருக்கக்கூடும்.

இந்தியத் தட்டுக்கும் இன்னொரு விளிம்பு இருக்கிறது. வடக்கே கண்டம் மோதி நெருப்பு அணைந்த பிறகும், கிழக்கே வங்கக் கடலின் தரை அந்தமான், சுமத்ரா தீவு வளைவின் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில் உள்ள பேரன் தீவு, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கிக் கிடந்து 1991-இல் மீண்டும் கக்கத் தொடங்கியது. தெற்கே சுமத்ராவின் தோபா 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது பறந்த சாம்பல், ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் இன்றும் அடுக்காகக் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கடல் ஊருக்குள் வந்ததற்கும் இந்த விளிம்பில் தட்டு வழுக்கியதுதான் காரணம். அன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முன் தட்டின் வேகத்தைச் சென்டிமீட்டரில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. எரிமலையும் நிலநடுக்கமும் ஒரே இறக்கத்தின் இரு விளைவுகள் என்று டார்வின் சொன்னதை நம் கரை மிகக் கடினமான வழியில் கற்றுக்கொண்டது.

வடவிளிம்பும் கிழக்கு விளிம்பும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் மண்ணை வங்கக் கடலில் கொட்டுகின்றன. அதில் கோமுகத்தின் வெள்ளைக் கிரானைட் தேய்ந்த மணலும் மைக்காவும் உண்டு. கடலடியில் அது விசிறியாக 3,000 கிலோமீட்டர் தெற்கே பரவி, இலங்கையின் அட்சத்தையும் தாண்டிக் கிடக்கிறது. வடக்கே அதன் தடிமன் 16 கிலோமீட்டரை எட்டுகிறது. அந்த விசிறியைச் சுமந்தபடியே தட்டு சுமத்ரா அகழிக்குள் இறங்குகிறது. ஒரு பகுதி வழிக்கப்பட்டு மேலே தங்குகிறது. அந்தமான் தீவுகளின் உடலில் அப்படி வழிக்கப்பட்டுக் குவிந்த பழைய படிவங்கள் நிறைய. மீதி கீழே போகிறது. 2016-இல் சுமத்ராவுக்கு மேற்கே பன்னாட்டுக் கடலாய்வுக் கப்பல் ஒன்று இந்தப் படிவைத் துளைத்து எடுத்தது. இமயத்திலிருந்து வந்த மண் மிகத் தடிமனாகக் குவிந்ததால், அடியில் இருந்த அடுக்கு புதைந்து சூடேறி, அகழியை அடையும் முன்பே தன் கனிமங்களில் இருந்த நீரைப் பெருமளவு இழந்து இறுகியிருந்ததற்குத் தடயங்கள் கிடைத்தன. அப்படி இறுகியதாலேயே 2004-இல் வழுக்கல் ஆழத்தோடு நிற்காமல் கடற்தரைக்கு அருகில் வரை பாய்ந்து, அலையை அவ்வளவு பெரிதாக்கியிருக்கலாம் என்று அந்த ஆய்வுக் குழு 2017-இல் எழுதியது.